செல்போனால் புற்றுநோய் வருமா?

“டவர் வந்த பிறகுதான் ஊருக்குள்ளே புற்றுநோய் வந்தது.”

திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலும், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. சித்தாள் வேலைக்கு வருகிறவர்கள், விடுதிகளில் அறை பெருக்கும் பெண்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், சுற்று வட்டாரத்தில் கழனி வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இதைப் பேசுகிறார்கள். பக்கத்து மாடியில் டவர் நிற்கிறது. எதிர்வீட்டில் ஒருவருக்குக் கட்டி கிளம்புகிறது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவது மனித சுபாவம். இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. மடியிலும் சட்டைப்பையிலும் இருபத்து நாலு மணி நேரமும் ஒரு சாமானை வைத்துக்கொண்டிருக்கிறவன், “இது என்னை என்ன செய்யும்?” என்று கேட்கத்தான் வேண்டும். கேள்வி நியாயமானது. நியாயமான கேள்விக்கு நேரான பதில் வேண்டும்.

முதலில் இதே இடத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ரமணரின் இடது முழங்கையருகே ஒரு சிறு கட்டி கிளம்பிற்று. 1949 பிப்ரவரியில் அதை அறுத்தார்கள். திரும்ப வளர்ந்தது. மார்ச்சில் மறுபடி அறுத்தார்கள். சார்கோமா என்னும் வகைப் புற்று என்று தெரிந்தது. ரேடியம் வைத்துப் பார்த்தார்கள். ஆகஸ்டில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை கத்தி வைத்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னதற்கு அவர் இணங்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் காலமானார்.

அன்றைக்கு அண்ணாமலை அடிவாரத்தில் டவர் ஏது? இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31 அன்றுதான் நடந்தது. கல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு, மத்திய மந்திரி சுக்ராமிடம் பேசினார். அதற்கு 45 வருஷம் முன்பே இந்த நோய் இந்த ஊரில் இருந்தது. துறவிக்கும் வந்தது, கூலிக்காரனுக்கும் வந்தது. கூலிக்காரனுக்கு வந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. நோய்க்குப் பெயர் வைக்கக்கூட அவன் வீட்டுக்கு டாக்டர் வரவில்லை. இன்று பரிசோதனை இருக்கிறது, பெயர் சொல்கிறார்கள், அதனால் கணக்கில் தெரிகிறது. “முன்பெல்லாம் இல்லை” என்பதில் பாதி, முன்பெல்லாம் யாரும் எண்ணவில்லை என்பதுதான்.

இதனால் மட்டும் செல்போன் நிரபராதி என்று தீர்ப்பாகிவிடாது. பழைய திருடன் ஒருவன் இருந்தான் என்பதற்காகப் புதிய திருடன் இல்லை என்று சொல்ல முடியுமா? ஆகவே மேலே போவோம்.

ரேடியமும் ரேடியோவும்

ரமணரின் கையில் வைத்த ரேடியத்திலிருந்து ஒருவிதக் கதிர் வருகிறது. எக்ஸ்ரே கதிரும் அதே ஜாதி. அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெறியும் சக்தி அதற்கு உண்டு. நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஒரு மெல்லிய இழை இருக்கிறது. எப்படி வளர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டளையெல்லாம் அதில் இருக்கிறது. ரேடியக் கதிர் அந்த இழையை அறுக்கும். அளவோடு குறிவைத்தால் புற்றைக் கொல்லும். கண்டபடி பட்டால் புற்றை உண்டாக்கும்.

இதைக் கண்டுபிடிக்க உயிரைக் கொடுத்தவர்கள் தொழிலாளிப் பெண்கள். அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணத்தில், இருட்டில் ஒளிரும் கடிகார எண்களுக்கு ரேடியச் சாயம் பூசும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிப் பூசும்படி பழக்கினார்கள். “ஆபத்து எதுவும் இல்லை” என்றது நிர்வாகம். தாடை எலும்பு உளுத்து விழுந்தது. எலும்பில் புற்று வந்தது. அந்தப் பெண்கள் வழக்குத் தொடுத்த பிறகுதான், 1928-ல், கம்பெனி பணம் கொடுக்க இறங்கி வந்தது. ஆகவே கம்பெனிக்காரன் “பயம் வேண்டாம்” என்று சொன்னதும் சந்தேகப்படுகிற தொழிலாளியை முட்டாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவன் சந்தேகத்துக்குச் சரித்திரம் இருக்கிறது.

ஆனால் செல்போனிலிருந்து வருவது ரேடியக் கதிர் அல்ல. டீக்கடை ரேடியோவுக்குப் பாட்டைக் கொண்டுவந்த அலையின் தம்பி அது. இழையை அறுக்கும் சக்தி அதற்குக் கிடையாது. பஞ்சை வாரி வாரி எறிந்தாலும் கண்ணாடி உடையாது. ஒரு கூழாங்கல் போதும். செல்போன் அலை பஞ்சு, ரேடியம் கூழாங்கல். இந்த அலை அதிகமாகப் பட்டால் சதையைக் கொஞ்சம் சூடாக்கும். அந்தச் சூட்டுக்கும் சட்டம் வரம்பு போட்டிருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் விற்கும் செல்போன், உடம்பின் ஒரு கிராம் சதையில், கிலோவுக்கு 1.6 வாட் என்ற அளவுக்கு மேல் செலுத்தக்கூடாது. டவர் கதிர்வீச்சுக்குச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் என்று அதே தேதியில் நம் நாட்டில் குறைத்தார்கள்.

எண்ணிப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

தத்துவம் ஒருபுறம் இருக்கட்டும். மனிதர்களை எண்ணிப் பார்த்தார்களா? பார்த்தார்கள்.

2011 மே 31 அன்று பிரான்ஸ் தேசத்து லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம், செல்போன் அலையை ‘2பி’ என்ற வரிசையில் வைத்தது. பத்திரிகைகள் எல்லாம் “செல்போன் புற்றுநோய் தரும்” என்று அலறின. 2பி என்றால் என்ன? ‘புற்றுநோய் உண்டாக்கக் கூடும், நிரூபணம் போதாது’ என்று பொருள். நிச்சயம் உண்டாக்கும் என்பவை ஒன்றாம் வரிசை. பெரும்பாலும் உண்டாக்கும் என்பவை 2ஏ. சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும், கிழக்காசியாவில் பாரம்பரிய முறையில் உப்பில் ஊறப்போடும் காய்கறியும்கூட 2பி-யில் இருக்கின்றன.

ஏன் அந்த வரிசையில் வைத்தார்கள்? 13 நாடுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2010-ல் வெளிவந்தது. மொத்தத்தில் செல்போனுக்கும் மூளைக் கட்டிக்கும் சம்பந்தம் தெரியவில்லை. ஆனால் மிக அதிகமாகப் பேசிய பத்தில் ஒரு பங்குப் பேரிடம் ஒருவகைக் கட்டி 40 சதவிகிதம் கூடுதலாகத் தெரிந்தது. ஆராய்ச்சி செய்தவர்களே அந்தக் கணக்கில் பிழை இருக்க இடம் உண்டு என்றார்கள். நோய் வந்தவரிடம் போய், “பத்து வருஷத்துக்கு முன்பு எவ்வளவு நேரம் பேசினீர்கள்?” என்று கேட்டால் என்ன சொல்வார்? காரணம் தேடித் தவிக்கிறவர் கூட்டித்தான் சொல்வார்.

“அந்த ஆராய்ச்சிக்குச் செல்போன் கம்பெனிகளும் பணம் கொடுத்தன அல்லவா?” என்று கேட்பீர்கள். கொடுத்தன. கேட்க வேண்டிய கேள்விதான். ஆகவே கம்பெனிப் பணம் இல்லாத ஆராய்ச்சியைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 7 லட்சத்து 76 ஆயிரம் பெண்களைச் சராசரி 14 வருஷம் கவனித்தார்கள். பணம் கொடுத்தவை பொது மருத்துவ ஆராய்ச்சி அமைப்புகள். நோய் வந்த பிறகு கேட்கவில்லை, வருவதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொண்டார்கள். 2022-ல் முடிவு வந்தது. பேசியவர்களுக்கும் பேசாதவர்களுக்கும் மூளைக் கட்டியில் வித்தியாசம் இல்லை.

2018-ல் அமெரிக்க சர்க்காரின் எலி ஆராய்ச்சி ஒன்றும் பெரிதாகப் பேசப்பட்டது. எலியின் உடம்பு முழுவதும் தினம் 9 மணி நேரம், இரண்டு வருஷம் அலையைப் பாய்ச்சினார்கள். சில ஆண் எலிகளுக்கு இதயத்தில் கட்டி வந்தது. அலை பட்ட ஆண் எலிகள், படாத எலிகளைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. முதல் செய்தியைப் பெரிய எழுத்தில் போட்டவர்கள் இரண்டாவதைப் போட மறந்துவிட்டார்கள்.

கடைசியாக, உலக சுகாதார ஸ்தாபனம் கேட்டுக்கொண்டதன் பேரில், 1994 முதல் 2022 வரை வெளிவந்த 63 ஆராய்ச்சிகளை ஒன்றாக வைத்துப் பரிசீலித்தார்கள். 2024-ல் அது வெளியாயிற்று. பத்து வருஷத்துக்கு மேல் உபயோகித்தவர்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடவில்லை என்பது அதன் முடிவு. இன்னொரு சாதாரணக் கணக்கும் உண்டு. செல்போன் கையில் இல்லாத ஆளே இல்லை என்கிற நிலை வந்து எத்தனை வருஷம் ஆயிற்று! அது மூளைப் புற்றைத் தருவதானால் அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும், வட ஐரோப்பிய நாடுகளிலும் அந்த நோயின் கணக்கு மலைபோல ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

என் தீர்ப்பு இதுதான்: இன்றுவரை கிடைத்த சாட்சியத்தில் செல்போன் குற்றவாளி அல்ல. நாளைக்குப் புதிய சாட்சியம் வந்தால் அதையும் பார்ப்போம். அதுவரை மனசு கேட்கவில்லை என்பவர்கள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசலாம், அல்லது காதில் வயர் மாட்டிப் பேசலாம். சிக்னல் குறைவான இடத்தில் போன் அதிக சக்தியோடு அலையை அனுப்பும். அங்கே நீட்டிப் பேச வேண்டாம். செலவில்லாத காரியம். செல்போனால் நிச்சயமாக வருகிற சாவு ஒன்று உண்டு. பைக் ஓட்டிக்கொண்டே பேசுவது. அதற்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.

டவர் விஷயம்

டவருக்கு வருவோம். குவாலியரில் ஒரு வீட்டு வேலைக்காரர். பக்கத்து மாடியில் 2002-ல் வைத்த டவரால்தான் தனக்குப் புற்றுநோய் வந்தது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017-ல் ஏழு நாளில் அந்த டவரை நிறுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு வேலைக்காரர் அவ்வளவு தூரம் போனாரே, அந்தத் துணிச்சலைப் பாராட்ட வேண்டும். ஆனால் கோர்ட் உத்தரவு வேறு, விஞ்ஞான நிரூபணம் வேறு. தலையில் ஒட்டிவைத்துப் பேசும் போனைவிட, தூரத்து டவரிலிருந்து உடம்பில் படுவது வெகு குறைவு. டவரின் அலை கலங்கரை விளக்கின் வெளிச்சம் போலப் பக்கவாட்டில் போகிறது; நேர் கீழே இருப்பவர் மேல் கொஞ்சம்தான் விழும்.

அதற்காகக் கம்பெனி வைத்ததுதான் சட்டம் என்று விட்டுவிடலாமா? கூடாது. வரம்புக்குள் இருக்கிறதா என்று அளந்து காட்டும்படி கேட்க ஊராருக்கு உரிமை வேண்டும். மத்திய சர்க்கார் 2017 மே மாதம் ‘தரங் சஞ்சார்’ என்று ஓர் ஏற்பாடு செய்தது. எந்த டவர் எங்கே என்று அதில் பார்க்கலாம். நம் வீட்டுக்கு வந்து அளந்து தரும்படியும் கேட்கலாம். கட்டணம் 4,000 ரூபாய் என்று வைத்தார்கள்! 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். பன்னிரண்டு நாள் மண் வெட்டினால் ஒரு தடவை அளக்கலாம். டவரால் லாபம் சம்பாதிக்கிறவன் அளவுக்கூலியைக் கட்டினால் என்ன?

பயத்தை விற்றுப் பிழைக்கிறவர்களும் கிளம்பிவிட்டார்கள். 2020 அக்டோபரில், மத்திய சர்க்கார் அமைத்த ராஷ்டிரிய காமதேனு ஆயோக்கின் தலைவர், பசுஞ்சாணியில் செய்த ஒரு வில்லையைப் பத்திரிகையாளர் முன்னால் தூக்கிக் காட்டினார். செல்போனில் ஒட்டினால் கதிர்வீச்சு குறையுமாம்! விலை 50 ரூபாயிலிருந்து 100 ரூபாய். நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள், “எங்கே, எப்போது, யார் பரிசோதித்தார்கள்?” என்று கேட்டார்கள். சாணி நம் கழனிக்கு நல்ல எரு. அதற்கு அந்த மரியாதை போதும்.

அதே வரிசையில் நம் வேலை

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செல்போனை வைத்த அதே 2பி வரிசையில் இன்னொரு பெயர் 1990-லேயே ஏறியிருக்கிறது. அது என்ன தெரியுமா? ‘ஜவுளி உற்பத்தித் தொழிலில் வேலை செய்தல்.’ ஆம், தோழர்களே, ஆலை வேலையேதான்! சாயப் பட்டறைத் தொழிலாளருக்குச் சிறுநீர்ப்பைப் புற்று, நெசவாளருக்குச் சிறுநீர்ப்பையிலும் மூக்குக் குழியிலும் புற்று அதிகமாகக் காணப்பட்டது என்று அந்த ஸ்தாபனம் எழுதிற்று. சாயத்தின் மேலும், நூல் தூசியின் மேலும் அதற்குச் சந்தேகம். செல்போனை அந்த வரிசையில் வைத்தபோது உலகம் முழுவதும் தலைப்புச் செய்தி. ஆலை வேலையை வைத்தபோது எந்தப் பத்திரிகை அலறியது? எந்த ஆலை வாயிலில் நோட்டீஸ் ஒட்டினார்கள்?

அது 2பி. ஒன்றாம் வரிசையைப் பாருங்கள். சாயத்தில் சேரும் பென்சிடின் நிச்சயமாகச் சிறுநீர்ப்பைப் புற்று தரும். கல் குவாரியிலும் கிரஷரிலும் பறக்கிற சிலிக்காத் தூசி, செருப்புத் தொழிலில் கிளம்பும் தோல் தூசி, கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ், டீசல் புகை எல்லாம் ஒன்றாம் வரிசை. நமக்குப் பக்கத்து மாவட்டமான ராணிப்பேட்டையில், 1990-களில் மூடிப்போன ஒரு குரோமியத் தொழிற்சாலை சுமார் ஒன்றரை லட்சம் டன் கழிவை மண்ணிலே குவித்துவிட்டுப் போனது. அதில் உள்ள குரோமியம் நுரையீரல் புற்று தருவது என்று உறுதியான சரக்கு. டவரைப் பார்த்து நடுங்குகிறவர்கள் அந்தக் குவியலைப் பற்றி ஒரு வார்த்தை பேசட்டும். இரவு ஷிப்ட் வேலை 2ஏ. அதாவது, ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும்போது தலைமாட்டில் வைக்கிற போனைவிட, அந்த ஷிப்டின் மீதுதான் விஞ்ஞானத்துக்குச் சந்தேகம் அதிகம்.

கழனிப் பக்கம் வருவோம். மணிலாக்கொட்டைக்கும் நெல்லுக்கும் மருந்தடிக்கிறவர் வாயில் துணிகூட இல்லாமல் அடிக்கிறார். காற்று எதிரே அடித்தால் பாதி மருந்து அவர் உடம்பில்தான். மாலத்தியான், களைக்கொல்லி கிளைபோசேட் இரண்டும் 2015-ல் 2ஏ வரிசைக்கு வந்தன. லிண்டேன் ஒன்றாம் வரிசைக்கே போயிற்று. கையுறையும் முகமூடியும் யார் வாங்கிக் கொடுப்பது? நிலத்துக்காரரா, மருந்துக் கம்பெனியா? இருவரும் கைவிரிக்கிறார்கள். வீட்டில் பெண்கள் ஊதுகிற அடுப்பின் விறகுப்புகையும் 2ஏ தான்.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது புகையிலை. 2022-ஆம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 14 லட்சம் பேர், மாண்டவர்கள் 9 லட்சம் பேர். முதல் மூன்று இடம் மார்புப் புற்று, வாய்ப்புற்று, கருப்பைவாய்ப் புற்று. மூளைப் புற்று இந்த வரிசைக்குப் பக்கத்தில்கூட இல்லை. வாய்ப்புற்றுக்குப் பெரும் காரணம் வெற்றிலை புகையிலை, குட்கா, ஹான்ஸ், கூல் லிப், பீடி. புகையிலை சேராத வெறும் பாக்கும் ஒன்றாம் வரிசையில்தான் இருக்கிறது. அண்ணாத்துரை அவர்கள் 1969 பிப்ரவரி 3-ல் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் மறைந்தார்; புகையிலை போடுவது அவர் வழக்கம் என்பது ஊரறிந்தது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரி அவர் பெயரில்தான் இருக்கிறது.

“போடாதே” என்று உபதேசம் செய்வது சுலபம். இரவு ஷிப்டில் கண் சொக்காமல் இருக்க இடுக்கில் வைக்கிறான். மத்தியானப் பசியை அமர்த்த நடவுப் பெண் வெற்றிலையோடு ஒரு துண்டு சேர்க்கிறாள். 2013-ல் தமிழ்நாட்டில் குட்காவைத் தடை செய்தார்கள். பெட்டிக்கடையில் கேட்டுப் பாருங்கள், கிடைக்கும். தூக்கத்தையும் சாப்பாட்டையும் பறித்துக்கொண்டு புகையிலையை மட்டும் குற்றம் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். செல்போனைத் தூர வைத்துப் படுக்கிற ஜாக்கிரதையில் பத்தில் ஒரு பங்கை அந்தப் பொட்டலத்தின் மீது காட்டினால் உயிர் மிஞ்சும்.

கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணம் ஒரு வைரஸ். தடுப்பூசி இருக்கிறது. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடுவோம் என்று 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்ததா என்று கேளுங்கள்.

வாயில் வெள்ளைத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் திறக்கச் சிரமம், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பின் உதிரப்போக்கு, மூத்திரத்தில் ரத்தம் - இவற்றில் ஒன்று கண்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்ட வேண்டும். சாய வேலைக்காரர்கள் கடைசியாகச் சொன்னதைக் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது என்ன வேலை செய்கிறோம், எத்தனை வருஷமாகச் செய்கிறோம் என்பதைச் சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கல்நார் தரும் நுரையீரல் புற்றும், சிறுநீர்ப்பைப் புற்றும் 1923-ஆம் வருஷ நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் தொழில்நோய்களாகவே எழுதப்பட்டிருந்தன. சீட்டில் வேலையின் பெயர் இல்லாவிட்டால் நஷ்டஈட்டுக்கு வழியில்லை.

இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு இன்னொன்று. 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவிகிதக் கூலி, இரண்டு வருஷம் வரை தரும் ஏற்பாடு அதில் இருக்கிறது. புற்றுநோய் அதில் சேர்ந்தது. ஆனால் இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்ததாகவும், 156 நாள் சந்தா கட்டியதாகவும் ரிக்கார்டு வேண்டும். காண்ட்ராக்ட்காரர் பெயரைப் பதிகிறாரா, பிடித்த பணத்தைக் கட்டுகிறாரா என்று இந்த மாதமே பாருங்கள். கழனியில் மருந்தடிக்கிறவருக்கு இ.எஸ்.ஐ.யும் இல்லை, பெயர் எழுத ரிக்கார்டும் இல்லை.